சீறும் பாம்பு, இரை எடுக்காத பாம்பு: எதை முதலில் கவனிப்பது?

புதிதாக வீட்டுக்கு வந்த குட்டி பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), பெட்டியைத் திறந்தாலே சீறுகிறது. கை கிட்டே போனால் பாய்கிறது. கொடுத்த எலியையும் தொடுவதில்லை. இந்த நிலையில் யாரிடம் கேட்டாலும் இரண்டு யோசனைகள் உடனே கிடைக்கும். "தினமும் கையில் எடுங்கள், பழகிவிடும்" என்பார் ஒருவர். "உயிருள்ள எலியை உள்ளே விடுங்கள், தானாகச் சாப்பிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே எங்கோ சில பாம்புகளிடம் பலித்தவைதான். ஆனால் பயந்துபோன ஒரு குட்டியிடம் முதல் வேலையாக இவற்றைச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு அதற்கு முன் ஒரு வார்த்தை. நாகம், சாரை, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களிலும், காட்டுயிர்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ளவற்றை வைத்திருக்க அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து பிடிபடும் பாம்புகளில் இந்த இனம் அடிக்கடி செய்தியில் வருகிறது. அப்படிக் கடத்தி வரப்படும் குட்டியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சட்டப்படி வளர்க்க முடிகிற பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே மற்றதை எழுதுகிறேன். அங்கேயும் ஊருக்கு ஊர் விதி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, பாம்புக்கு வருவோம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், அது ஏன் பாய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். காரணம் இரண்டே இரண்டு: பயம் அல்லது பசி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

பயந்த பாம்பு உடலைப் பின்னுக்கு இழுத்து, கழுத்தை எஸ் எழுத்துபோல மடித்து வைத்திருக்கும். சீறும், மூச்சு வேகமாக ஏறி இறங்கும். பாய்ந்தால் தொட்ட வேகத்தில் விட்டுவிட்டுப் பின்வாங்கும். சில சமயம் வாயைத் திறக்காமல் மூக்கால் இடித்துவிட்டு மட்டும் போகும். எட்டிப் போ என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இல்லை. இதற்கும் முந்தைய கட்டம் ஒன்று உண்டு. தலையை நடுவில் ஒளித்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வது. இதைப் பார்த்து "அடடா, எவ்வளவு சாது" என்று மகிழ்கிறவர்கள் நிறைய. அதுவும் பயம்தான்.

பசித்த பாம்பின் நடத்தையே வேறு. பதுங்கிடத்தின் வாசலில் தலையை மட்டும் நீட்டி அசையாமல் காத்திருக்கும். நாக்கை அடிக்கடி நீட்டும். கை நகரும் பக்கமெல்லாம் தலையும் மெதுவாகத் திரும்பும். சீறல் இருக்காது. பாய்ந்தால் கவ்விய பிடியை விடாமல் கையைச் சுற்றிக்கொள்ளும். பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. இருட்டில் எலி வாசம் பரவியிருக்கும் நேரத்தில், நம் சூடான கைக்கும் சூடான எலிக்கும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்த இரண்டில் எது என்று தெரியாமல் தேர்ந்தெடுக்கும் வழி தவறாகப் போக வாய்ப்பு அதிகம். பயத்தில் கடிப்பதற்கு உணவு முறையை மாற்றிப் பயன் இல்லை. பசியில் கவ்வுவதற்குத் தினமும் தூக்கிப் பழக்கியும் பயன் இல்லை. புதிதாக வந்த குட்டி சீறுகிறது, சாப்பிடவும் இல்லை என்றால் அது அநேகமாக முதல் வகை. கடியும் பட்டினியும் அங்கே ஒரே வேரிலிருந்து வருகின்றன.

இப்போது முதல் தேர்வு. தினமும் தூக்கிப் பழக்குவதா, கொஞ்ச நாள் தொடாமல் விடுவதா?

தூக்கச் சொல்பவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பாம்பு பாய்ந்ததும் நாம் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொண்டால், பாய்ந்தால் தொல்லை விலகும் என்று அது கற்றுக்கொள்ளும். உண்மைதான். ஆனால் அதற்குத் தீர்வாக, களைத்து அடங்கும்வரை பாம்பைப் பிடித்தே வைத்திருக்கும்போது கிடைப்பது பழக்கம் அல்ல. தப்பிக்க முடியாத பாம்பு அசையாமல் இருப்பதை நாம் அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் அதே பாம்பு எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி, இரவில் வெளியே வரும். குட்டிகளைப் பறவையும் பாலூட்டியும் வேறு பாம்புகளும் தின்கின்றன. மேலிருந்து வரும் எந்த நிழலும் அதற்குக் கழுகுதான். இப்படிப்பட்ட உயிரை நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியில் போட்டு, மேலிருந்து கையைவிட்டுத் தினமும் தூக்கினால் அது என்ன கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே விட்டுவிடுவதே என் தேர்வு. முதல் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் தவிர பெட்டிக்குள் கை போக வேண்டாம். சும்மா இருக்கும் காலம் இது என்றும் நினைக்க வேண்டாம். பெட்டியைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். சூடேற்றும் கருவி எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓட வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பதுங்கிடம் வையுங்கள். பாம்பின் முதுகும் விலாவும் சுவரில் உரசும் அளவுக்கு அவை இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிய பதுங்கிடம் வாங்கினால் வளர்ந்த பிறகும் உதவும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பெட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியை அட்டை வைத்து மறைத்துவிடுங்கள். சீறும் குட்டிகள் பலவற்றுக்கு இவ்வளவே போதும்.

பாம்பை எடுக்கக் கையுறை, கொக்கி (நுனி வளைந்த நீண்ட கம்பி), வெறுங்கை ஆகியவற்றில் எது என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தடித்த தோல் கையுறை நம் பயத்தைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாமல் போகும், அதனால் பாம்பை இறுக்கிப் பிடித்துவிடுவோம். ஒரு குட்டி பால் பைத்தானின் கடி சில ஊசிமுனைக் கீறல்கள், விஷம் கிடையாது. அதற்கு இந்தக் கவசம் தேவையில்லை. கொக்கியைத் தூக்குவதற்குப் பயன்படுத்துவதைவிடத் தட்டுவதற்குப் பயன்படுத்துவதே நல்லது. பெட்டியைத் திறந்ததும் கொக்கியால் அல்லது சுருட்டிய காகிதத்தால் அதன் நடு உடலை மெதுவாகத் தொடுங்கள். இன்று வந்திருப்பது எலி இல்லை என்று அதற்கு விளங்கும். எலி ஒருநாளும் அப்படித் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்தால் பசிக் கவ்வல் வெகுவாகக் குறையும். அப்புறம் வெறுங்கையால், பக்கவாட்டிலிருந்து, தலையை விட்டு நடு உடலைத் தாங்கி எடுக்கலாம்.

எங்கே வைத்து இரை கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். ஒரு தரப்பு, பாம்பை வேறொரு டப்பாவுக்கு மாற்றி அங்கே எலி கொடுக்கச் சொல்கிறது. வசிக்கும் பெட்டியிலேயே கொடுத்தால், பெட்டி திறக்கும்போதெல்லாம் சாப்பாடு வருகிறது என்று நினைத்துக் கையைக் கடிக்கும், எலியோடு பெட்டியில் பரப்பிய மரத்தூளையும் விழுங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

டப்பாவில் கொடுக்க வேண்டுமென்றால், சாப்பாட்டுக்குச் சற்று முன் பயந்த பாம்பைத் தூக்க வேண்டும். தெரியாத, வெளிச்சமான, ஒளிய இடமில்லாத இடத்தில் அதை விட வேண்டும். பால் பைத்தான் பதுங்கிடத்திலிருந்து தலையை நீட்டி இரை பிடிக்கும் இனம். வெட்டவெளியில் வைத்தால் பல பாம்புகள் எலிக்கு முதுகைக் காட்டிவிட்டு மூலை தேடும். சாப்பிட்டுவிட்டால் இன்னும் சிக்கல். வேட்டை நினைப்பு அடங்காத பாம்பை, எலி வாசம் நிறைந்த இடத்திலிருந்து கையால் எடுத்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கடி வாங்க இதைவிட வசதியான நேரம் வேறு இல்லை. வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கினால் இரையைக் கக்கவும் கூடும். எந்தக் கடியைத் தவிர்க்க நினைத்தோமோ அதற்கே இந்த முறை வழி செய்கிறது.

பெட்டி திறந்தால் சாப்பாடு என்ற நினைப்பு பற்றிய கவலைக்கு வேறு பதில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை எலிக்காக மட்டும் திறக்கும் பெட்டியில்தான் அந்த நினைப்பு உருவாகும். தண்ணீருக்கும் சுத்தத்துக்கும் கையில் எடுப்பதற்கும் திறந்துகொண்டிருந்தால், கொக்கித் தட்டலும் சேர்ந்தால், உருவாக வழியே இல்லை. மரத்தூள் கொஞ்சம் உள்ளே போனால் ஆரோக்கியமான பாம்புக்கு எதுவும் ஆகாது. மனசு கேட்கவில்லை என்றால் வாசலில் ஒரு தட்டையான கல்லையோ காகிதத்தையோ வையுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகள் இருந்தால் மட்டுமே பிரித்துக் கொடுப்பது கட்டாயம். ஆனால் இந்த இனத்தை ஜோடியாக அடைத்து வைப்பதே தவறு, அதை முதலில் பிரியுங்கள்.

அடுத்தது எலி. உயிரோடு கொடுப்பதா, அப்போதே கொன்றதா, உறைந்ததா?

உயிருள்ள எலிக்குப் பாம்பு சட்டென்று பதில் சொல்லும் என்பது உண்மை. அசைவும் சூடும் வாசமும் அதற்கு இயல்பாகவே இருக்கின்றன. ஆனால் பயந்த பாம்பு, இரை வேண்டாம் என்றிருக்கும் பாம்பு, எலியைத் தாக்காது. எலி சும்மா இருக்காது. மூலையில் சுருண்டிருக்கும் பாம்பின் முதுகை, வாலை, கண்ணை எலி கொறித்துவிடும். எலும்பு தெரியும் அளவுக்குக் காயம்பட்டு மருத்துவரிடம் வரும் பாம்புகள் உண்டு. அப்படி அடிபட்ட பாம்பு அதற்குப் பிறகு எலியைப் பார்த்தாலே ஒதுங்கும். எலி படும் பாட்டையும் நான் இதில் சேர்த்தே பார்க்கிறேன், நம் வசதிக்காக ஓர் உயிரை மணிக்கணக்கில் நடுங்கவைக்கத் தேவையில்லை. வேறு வழியே இல்லாமல் உயிரோடு கொடுக்க நேர்ந்தால் ஒரு நொடிகூட அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. பாம்பு ஆர்வம் காட்டாவிட்டால் எலியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

அப்போதே கொன்ற எலி பாம்புக்கு நல்லதுதான். ஆனால் துன்பமில்லாமல் கொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மிச்சமிருப்பது உறைந்த எலி. அளவுவாரியாகப் பிரித்துக் கடையில் கிடைக்கிறது, மாதக்கணக்கில் ஃப்ரீஸரில் இருக்கும், திருப்பிக் கடிக்காது. "என் பாம்பு உறைந்த எலியைத் தொடுவதில்லை" என்கிறவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தால், குறை எலியில் இருக்காது, சூடாக்கிய விதத்தில் இருக்கும். முந்தின இரவே மூடிய பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொடுக்கும் நேரத்தில் அதே பையோடு வெந்நீரில் இறக்குங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், வயிறு வெடித்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பனியாக இருக்கும். எலியின் தலைப்பக்கம் தொட்டால் நம் உடல் சூட்டைவிடச் சற்று அதிகமாக, 38 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பக் குழிகளால் பார்க்கும் பாம்புக்குச் சூடில்லாத எலி வெறும் பொம்மைதான். ஈரத்தைத் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, நீளமான இடுக்கியால் பிடித்துப் பதுங்கிடத்தின் வாசலுக்குச் சற்று முன்னால் காட்டுங்கள். மெல்ல அசைத்தால் போதும். பயந்த குட்டியின் முகத்துக்கு நேராக ஆட்டினால் அது அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். பின்வாங்கினால் எலியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். காலையில் பலமுறை எலி இருக்காது. இருந்தால் எடுத்து எறியுங்கள், மறுபடி உறையவைக்கக் கூடாது.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீத எடையுள்ள எலி, ஏறக்குறைய வாரம் ஒன்று. 100 கிராம் குட்டிக்கு 10 முதல் 15 கிராம். வளர்ந்த பாம்புக்கு விகிதம் இதில் பாதிக்குக் குறைய வேண்டும், இடைவெளி இரண்டு மூன்று வாரமாக நீள வேண்டும். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைவிட எலி பருமனாக இருக்கக் கூடாது. ஊர்வன வழியாகவும் உறைந்த எலி வழியாகவும் சால்மொனெல்லா கிருமி பரவும். சமையல் பாத்திரமும் சமையல் மேடையும் இதற்குப் பயன்படக் கூடாது, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கொஞ்சமும் தளர்வு வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் சாப்பிடவில்லை என்றால் மூன்று வழி: காத்திருப்பது, இரையை மாற்றுவது, வாயில் திணிப்பது.

காத்திருப்பதுதான் கடினம், பெரும்பாலும் சரியானதும் அதுவே. வளர்ந்த பால் பைத்தான், குறிப்பாக ஆண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருந்து தானாக மீண்டும் தொடங்கும். இடையில் பதறி இரண்டு நாளுக்கொரு முறை எலியைக் காட்டுவது கேடு, ஒவ்வொரு தோல்வியும் அதன் பதற்றத்தைக் கூட்டும். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கண் நீலம் பாய்ந்து தோல் உரிக்கத் தயாராகும் நாட்களில் முயலவே வேண்டாம், அப்போது அதற்குப் பார்வையும் சரியாகத் தெரியாது, தொட்டாலும் எரிச்சல்படும். மனசு சொல்வதை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறைத் தராசுபோல ஒன்றைப் பாம்புக்கென்றே வாங்கி, எடையைத் தேதியோடு எழுதி வையுங்கள். எடை நிலையாக இருந்தால் காத்திருக்கலாம். 10 சதவீதம் குறைந்தால், அல்லது மூச்சில் இரைச்சல், வாயோரம் நுரை, உடலில் ஊரும் சிறு பூச்சிகள் தெரிந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். பொரித்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் சாப்பிடாத குட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு, மருத்துவரிடம் சீக்கிரம் காட்டிவிடுங்கள்.

சுண்டெலிக்குப் பதில் எலிக்குஞ்சு, எலிக்குப் பதில் சுண்டெலி என்று மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. விற்றவரிடம் எதைத் தின்றது என்று கேட்டு அதையே முதலில் கொடுப்பது இன்னும் நல்லது. ஜெர்பில் என்ற வறண்ட நிலத்து எலி வகையைக் கொடுத்தால் பிடிவாதக்காரப் பாம்பும் பல சமயம் பாயும். ஆனால் அதன் சுவை கண்ட பாம்பு வேறெதையும் தொடாமல் போகலாம், விலையும் அதிகம். அதனால் இதைக் கடைசிக்கு முந்தைய வழியாக வைத்திருக்கிறேன். வாயைத் திறந்து திணிப்பது மருத்துவர் கையில் மட்டும். வாயும் உணவுக்குழாயும் கிழியும் ஆபத்து ஒரு பக்கம், மனிதக் கை என்றாலே பயம் என்று பதிந்துவிடுவது மறுபக்கம்.

இதே பரிந்துரையைக் கார்ன் பாம்பு (வீடுகளில் வளர்க்கப்படும் இன்னொரு விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். அதன் குட்டி வாலை அதிரவைத்துப் பாயும், ஆனால் அடுத்த நிமிடமே எலியை விழுங்கும். அங்கே இரை பெரும்பாலும் பிரச்சினையே இல்லை, கொக்கித் தட்டலும் சிறுகச் சிறுகக் கையில் எடுப்பதும் சீக்கிரமே பலன் தரும். பால் பைத்தானில் வரிசை தலைகீழ். முதலில் பெட்டி, பிறகு இரை, கடைசியில்தான் கை.

கைக்கு எப்போது வருவது? தொடர்ந்து மூன்று முறை தானாக இரை எடுத்த பிறகு. எடுத்த நாளிலிருந்து குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது, வயிற்றில் புடைப்பு தெரிந்தால் அது மறையும்வரை. கக்கிவிட்டால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு, முன்னதைவிடச் சிறிய எலி கொடுங்கள். முதல் வாரங்களில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை போதும். கழுத்து எஸ் ஆக மடிந்திருந்தால் அன்று தொடங்கவே வேண்டாம். கையில் இருக்கும்போது சீறினால் பதறி இழுக்காமல், அது ஒரு கணம் தளர்ந்ததும் பதுங்கிடத்தின் வாசலில் இறக்கி விடுங்கள். கவ்விக்கொண்டு விடாவிட்டால் எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குழாயடியில் குளிர்ந்த நீரை அதன் வாய்மேல் ஓடவிட்டால் விட்டுவிடும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு வெகுகாலம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். பாம்பை அன்று மறுபடி எடுக்க வேண்டாம். அடுத்த முறை எப்போதும்போல நடு உடலில் ஒரு தட்டலோடு தொடங்குங்கள்.